வெயிலுக்கு நின்ற மெழுகு

செடியெண்ணெயில் செய்த மெழுகு கோயமுத்தூர் வெயிலுக்குத் தாங்காது என்று என்னிடம் முதலில் சொன்னவர் எங்கள் கம்பெனியின் மேனேஜர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

கம்பெனி என்பது சிங்காநல்லூரைத் தாண்டிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு பெரிய தகரக் கொட்டகை. நூல் மில்களுக்கு மெழுகு வளையம் செய்து கொடுப்பது தொழில். பனியன் துணிக்குப் போகிற நூலை மில்லில் கூம்பு வடிவக் கோனாகச் சுற்றும்போது அது ஒரு மெழுகு வளையத்தை உரசிக்கொண்டே போகும். அந்த உரசலில் நூலின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு ஏறும். அது ஏறாவிட்டால் திருப்பூரில் பின்னும்போது ஊசியில் இழுபட்டு நூல் அறுந்துபோகும். அந்த வளையத்தைக் காலம்காலமாகப் பாரபினில்தான் செய்துவந்தார்கள். பாரபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டு வியாபாரி ஒருவர் நிபந்தனை போட்டார். நூலில் பெட்ரோலியம் சேர்ந்த எதுவும் இருக்கக்கூடாது என்றார். அந்த நிபந்தனை திருப்பூரிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து எங்கள் முதலாளிக்கும் வந்து சேர்ந்தது. அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். நான் வேதியியல் படித்தவள். எம்.ஃபில்லில் கொழுப்புகள் உறைவதைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

முதலாளியின் குடும்பம் ஒரு காலத்தில் தோட்டம் வைத்திருந்து, பிறகு ஆலைத் தொழிலுக்கு வந்த குடும்பம். என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். துடியலூருக்குக் குடிவந்த பிறகுதான் அப்பாவுக்கு லோடு வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. இதை முதலாளியும் நானும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் சோயா எண்ணெய் மெழுகில் வளையம் வார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, தந்த நிறம். மாசி மாதத்தில் மில்லுக்கு அனுப்பினோம். பங்குனி பிறந்ததும் திரும்பி வந்தது. கொட்டகைச் சூடும் நூல் உரசுகிற சூடும் சேர்ந்து வளையம் இளகி, சுற்றும் இடத்தில் நூல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதாம். திருப்பி அனுப்பிய பெட்டியை மேனேஜர் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அது ஏன் இளகியது என்று எனக்குத் தெரியும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று நீளமான கொழுப்பமிலச் சங்கிலிகள். சங்கிலி நேராக இருந்தால் பக்கத்துச் சங்கிலியோடு நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். பிரிப்பதற்கு நிறையச் சூடு வேண்டும். நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் சங்கிலி அந்த இடத்தில் வளைந்துவிடும். வளைந்தது அடுக்குக்குள் ஒழுங்காக உட்காராது. அதனால்தான் சமையல் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. ஹைட்ரஜன் ஏற்றினால் வளைவு நிமிர்ந்து எண்ணெய் மெழுகாகும். நாங்கள் வாங்கிய சோயா மெழுகில் பாதிதான் நிமிர்ந்திருந்தது. மிச்ச வளைவுகள் பங்குனிச் சூட்டிலேயே அடுக்கைக் குலைத்துவிட்டன.

இரண்டாவதாக ஆமணக்கு மெழுகை எடுத்தேன். ஆமணக்கெண்ணெயின் சங்கிலியில் மற்ற எண்ணெய்களில் இல்லாத ஒன்று உண்டு. பக்கவாட்டில் ஒரு ஹைட்ராக்சில் நீட்டிக்கொண்டிருக்கும். சங்கிலிகள் அதைக் கொண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் ஏற்றிய ஆமணக்கு மெழுகைக் கொதிக்கப்போகிற தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் உருகும். வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பிடிப்பே வினையாயிற்று. சாக்பீஸ் போல உடைந்தது. மில்லில் நூலுக்குப் பூச்சு ஏறவில்லை, தரையெல்லாம் வெள்ளைப் பொடி.

“ஒண்ணு வெண்ணெய், ஒண்ணு சுண்ணாம்பு. அடுத்தது என்னங்க பண்ணப்போறீங்க?” என்று கேட்டார் மேனேஜர்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுங்க,” என்றேன்.

முழுக்க ஹைட்ரஜன் ஏற்றிய சோயாவில் கொஞ்சம் ஆமணக்கு மெழுகும், கொஞ்சம் பாமாயில் மெழுகும் சேர்த்தேன். பாமாயிலைச் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. அதில் சங்கிலிகளின் நீளம் வேறு வேறாக இருக்கும். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் படிகம் பெரிதாக வளர்ந்து மெழுகு பொடிந்துபோகும். நீளம் கலந்திருந்தால் படிகம் சின்னதாகவே நிற்கும். இந்த மூன்றாவது கலவை வார்த்த அன்று அருமையாக இருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தோம், நின்றது. நூலில் ஓட்டிப் பார்த்தோம், பூச்சு ஏறியது. முதலாளி அன்று எல்லோருக்கும் பேக்கரியிலிருந்து பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

சில வாரங்களில் மில்லிலிருந்து போன் வந்தது. கிடங்கில் வைத்திருந்த வளையங்களின்மேல் மாவு தூவியது போல வெள்ளை பூத்திருக்கிறது, பாதிக்கு மேல் விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள்.

இந்த முறை நான் கலவையைச் சந்தேகிக்கவில்லை. நான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ்.சி. என்றொரு கருவி உண்டு. மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, அது எந்த இடத்தில் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது, எந்த இடத்தில் வெளியே விடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும். என் பழைய பேராசிரியையிடம் அனுமதி கேட்டு, புதிதாக வார்த்த ஒரு வளையத்தின் துணுக்கை அன்றே அதில் வைத்தேன். கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. மெழுகு உருகுகிறது என்று அர்த்தம். உடனே ஒரு மேடு ஏறியது. உருகியது மறுபடி உறைகிறது என்று அர்த்தம். இன்னும் சூடு ஏறியதும் முன்னைவிடப் பெரிய பள்ளம். ஒரே துணுக்கு உருகி, உறைந்து, மறுபடி உருகியிருந்தது.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கொழுப்பின் மூலக்கூறுகள் ஒரே விதமாக மட்டும் அடுக்குவதில்லை. அவசரமாகக் குளிர்ந்தால் அகப்பட்ட இடத்தில் தளர்வாக நின்றுவிடும். நேரம் கொடுத்தால் நெருங்கி உறுதியாக அடுக்கிக்கொள்ளும். தளர்ந்த அடுக்கு சும்மா இருக்காது. கிடங்கில் பெட்டிக்குள் கிடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். இறுகும்போது மெழுகு சுருங்கும், சுருங்கினால் விரிசல், மேற்பரப்பில் வளரும் படிகம்தான் அந்த வெள்ளை. எங்கள் அச்சுகளைச் சுற்றிச் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாரபினுக்கு அது சரி. அது நேர்ச்சங்கிலி, சீக்கிரம் குளிர்ந்தாலும் குறையில்லை. என் கலவைக்கு அந்தக் குளிர்தான் எதிரி.

மேனேஜரிடம் போய், இந்தக் கலவைக்கு மட்டும் சில்லரை நிறுத்திவிட்டு அச்சிலேயே தானாக ஆறவிடலாம் என்று சொன்னேன்.

“தானா ஆறுற வரைக்கும் அச்ச என்ன பண்றதுங்க? அடைகாக்கறதா? ஒரு நாளைக்கு ஒரு ஈடுதான் எடுக்க முடியும்.”

“நல்ல ஈடு ஒண்ணு போதுங்களே. கெட்டது நாலு எதுக்குங்க?”

அவர் முகம் மாறியது. “புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் பட்டறைல நடக்காதுங்க. கோட்டால சீட்டு வாங்கிப் படிச்சுப்போட்டு வந்து எங்களுக்கே பாடம் எடுக்கறீங்க.”

பக்கத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் நின்றார்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க, கோட்டாலதான் படிச்சேன்,” என்றேன். “மெழுகுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. உருகற சூட்டுலதான் உருகும்.”



முதலாளி என்னைக் கூப்பிட்டது அதற்கு அடுத்த வாரம். கதவைச் சாத்தச் சொன்னார். மரியாதையாகவே பேசினார், அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

“உட்காருங்க அம்மணி. நீங்க நெம்பப் பாடுபட்டுட்டீங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா திருப்பூர்க்காரங்க அவசரப்படறாங்க. ஒண்ணு பண்ணுங்க. மூணுல ஒரு பங்கு பாரபின் சேத்திப்போடுங்க. விரிசல் விடாது. முழுக்கச் செடியெண்ணெய்தான்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துருங்க. நீங்க எம்.ஃபில். படிச்சவங்க, உங்க கையெழுத்துன்னா கேள்வி கேக்க மாட்டாங்க.”

“அது செடியெண்ணெய் ஆகாதுங்களே.”

“மூணுல ரெண்டு பங்கு ஆகுமல்ல?”

“அப்ப மூணுல ரெண்டு பங்குன்னே எழுதறேனுங்க.”

அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த ஒரு வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: “எழுத மாட்டீங்களா?”

“மாட்டேனுங்க.”

“அப்ப லேப்ல உங்களுக்கு வேலை இல்லீங்க. நாளைலிருந்து பேக்கிங்ல இருங்க. புடிக்கலைன்னா உங்க இஷ்டம்.”

பிடிக்காமல் நானே போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் போகவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“பொய் எழுதச் சொன்னானா?”

“ஆமா.”

“மாட்டேன்னுட்டயா?”

“ஆமா.”

“அப்பறம் எதுக்கு மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு இருக்கற? நாளைக்குப் போ. இருக்கறதுலயே நல்ல சீலையாக் கட்டீட்டுப் போ. நாங்கதான் தோட்டத்துல வெரட்டினா முந்தானையத் தலைல போட்டுட்டு வந்தோம். நீ எதுக்கு அப்படி வரோணும்?”

மறுநாள் கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற மாம்பழ நிறப் பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன். அதற்கு மறுநாள் பச்சை. என்னிடம் நல்ல புடவைகள் அதிகம் இல்லை. தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேனேஜர் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்ப்பார். பார்க்கட்டும் என்றே கட்டினேன்.

பேக்கிங்கில் எல்லோரும் பெண்கள். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா ஒண்டிப்புதூரிலிருந்து வருகிறவர். நல்ல உயரம், கட்டைக் குரல். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க லேப் அம்மணி, இங்க கண்ணாலமா நடக்குது?”

“இல்லீங்கக்கா. என்னை இறக்கி உட்டிருக்காங்க. அதுக்குத்தான் இந்தச் சீலை.”

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு தினுசாகத் தலையை ஆட்டிவிட்டு, தான் உட்காரும் மின்விசிறிக்கு நேரான ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல பழக்கம். ஆனால் வேலையில் சலுகை கிடையாது. அட்டைப்பெட்டியை நான் கோணலாக ஒட்டினால் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்வார்.

அந்த மேசையில் மிச்சக் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாரபின் கலந்த வளையங்கள் என் கை வழியாகத்தான் பெட்டிக்குள் போயின. லேப்பில் எனக்குப் பதிலாக ஒருவரும் இல்லை. மேனேஜரே அளவு போட்டுக் கலந்தார்.

ஒருநாள் ஒட்டுநாடாவைத் தேடிச் சுவரோர அலமாரியைத் துழாவினேன். கீழ்த்தட்டில் ஒரு டிரே நிறையத் தந்த நிற வளையங்கள் இருந்தன. மேலே தூசி படிந்திருந்தது. துடைத்தேன். அடியில் வெள்ளைப் பூச்சு இல்லை. விரிசலும் இல்லை.

“அக்கா, இது எப்ப வந்ததுங்க?”

“அதுங்களா? அது கழிச்சது. மாசத்துக்கு ஒருக்கா கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு வார்த்தது. நீங்க அன்னைக்கு லீவுங்க. ஜெனரேட்டர்ல சில்லர் ஓடாதுன்னு அப்படியே அச்சுல உட்டுட்டாங்க. சாயங்காலம் எடுத்துப் பாத்துட்டு, இது கணக்குல வராதுன்னு இங்க தூக்கி வெச்சுட்டாங்க. உருக்கறதுக்கு எடுத்துட்டுப் போறோம்னாங்க, இன்னும் வரலை.”

டிரேயைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அதே கலவை. அதே வாரம். மில்லில் வெடித்துப்போன வளையங்களின் உடன்பிறப்புகள். ஒரே வித்தியாசம், இவற்றை யாரும் அவசரப்படுத்தவில்லை. மூலக்கூறுகள் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டு ஒழுங்காக அடுக்கிக்கொண்டுவிட்டன. பிறகு தகரக் கூரையின்கீழ் சித்திரை முழுக்கக் கிடந்திருக்கின்றன. நகத்தால் கீறினேன். நகக்கண்ணில் மெல்லிய பூச்சாக ஏறியது, உதிரவில்லை.

இரண்டு வளையங்களை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் வெளியூர் என்றார்கள். மேனேஜரிடம் காட்டினேன். கையில் வாங்காமலே, “இப்ப எதுக்குங்க இதெல்லாம்? லோடு ரெடி. நாளைக்குத் திருப்பூர்க்காரங்க ஆள் பாக்க வாராங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க,” என்றார்.

மறுநாள் வந்தவர் அந்தப் பனியன் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த அம்மா. ஈரோட்டுக்காரர். காட்டன் புடவை, தோளில் ஒரு பை. முதலாளியும் மேனேஜரும் அவரை அச்சு இருக்கும் இடம், உருக்கும் இடம் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியாகப் பேக்கிங்குக்குக் கூட்டிவந்தார்கள். பெட்டிகளுக்கு நடுவில் நின்று, குறிப்பாக யாரையும் பார்க்காமல் அந்த அம்மா கேட்டார்:

“இது முழுக்கச் செடியெண்ணெய் மெழுகுதானுங்களா?”

“ஆமாங்க,” என்றார் மேனேஜர்.

“இல்லீங்க,” என்றேன் நான்.

டேப் கிழிக்கும் சத்தம் நின்றது. எழுந்து நின்றேன். அன்று மறுபடி மாம்பழ நிறத்தின் முறை.

“இந்தப் பெட்டில இருக்கறதுல பாரபின் கலந்திருக்குதுங்க. மூணுல ஒரு பங்கு. முழுக்கச் செடியெண்ணெய்ல செஞ்சது இந்த டிரேயில இருக்குதுங்க. ரெண்டையும் எடுத்துட்டுப் போயி உங்க லேப்ல பாத்துக்குங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி இல்லை என்று மறுக்கவில்லை. அதை இன்றும் அவர் கணக்கில் வரவாகவே எழுதிவைக்கிறேன். அந்த அம்மா பையைத் திறந்து இரண்டிலும் சில வளையங்களை எடுத்துத் தனித்தனியாகச் சுற்றி வைத்துக்கொண்டார். “நீங்க யாருங்க?” என்று என்னைக் கேட்டார்.

“நான்தானுங்க இந்தக் கலவை பண்ணினவ. இப்பப் பேக்கிங்ல இருக்கறேன்.”

அவர் கார் வாசலைத் தாண்டியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

“நாலு பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டீங்களே அம்மணி.”

“உங்களப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. மெழுகப் பத்தித்தான் கேட்டாங்க, மெழுகப் பத்தித்தான் சொன்னேன்.”

“நாளைலிருந்து வர வேண்டாம்.”

“சரிங்க.”

அக்கா வாசல்வரை வந்தார். “நல்லாச் சொன்னீங்க. ஆனா இனி அந்த ஸ்டூலு காலியாக் கெடக்குமே,” என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சும்மா இருந்த நாட்களில் ஒன்றும் வீரமாக இல்லை. வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்ட இடத்தில் உள்ளதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், யாரும் யோசித்து முடிக்கவில்லை. அப்பா மட்டும், “கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாமோ கண்ணு?” என்று ஒருமுறை கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு மழை நாளில் மேனேஜர் துடியலூருக்கு வந்தார். குடையை மடக்கிவிட்டு வாசலிலேயே நின்றார். அம்மா உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். பாரபின் கலந்தது அங்கே பரிசோதனையில் தேறவில்லையாம். டிரேயில் இருந்தது தேறிவிட்டதாம். மில்லில் ஓட்டியும் பார்த்துவிட்டார்களாம். அதே கலவையை அதே ஆள் செய்து கொடுத்தால் ஆர்டர் உண்டு என்று அந்த ஈரோட்டு அம்மா சொல்லிவிட்டாராம். இத்தனையையும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“முதலாளி வரச் சொன்னாருங்க.”

“அவரே சொல்லட்டுங்க,” என்றேன்.

அன்றே போன் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நிபந்தனைகளைச் சொன்னேன். பெட்டிமேல் எழுதுவது உள்ளே இருப்பதாகவே இருக்க வேண்டும். மெதுவாக ஆறவிடத் தனி அறை வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பு பேக்கிங் அக்கா, அதற்கேற்ற சம்பளத்தோடு. மெழுகு ஆறி முடியும் முன் மேனேஜர் அந்த அறைக் கதவைத் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “சரிங்க,” என்றார்.

இப்போது அந்த அறையிலிருந்து நாளுக்கு ஒரு ஈடுதான் வருகிறது. அச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டதால் யாரும் குறை சொல்வதில்லை. எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேனேஜர் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுவார். போன மாதம் முதலாளி, தேங்காய் எண்ணெயில் வளையம் செய்தால் நம் ஊர்ப் பெயர் சொல்லி விற்கலாமே என்றார். தேங்காயெண்ணெயின் சங்கிலிகள் குட்டையானவை. எவ்வளவு நிமிர்த்தினாலும் உள்ளங்கைச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலேயே உருகிவிடும், முடியாது என்றேன். செய்து பார்த்தால் என்ன என்றார். செய்து, என் அறைச் சன்னலில் ஒரு தட்டில் வைத்தேன். மத்தியானம் அவரே வந்து பார்த்துவிட்டு, தட்டைக் கையில் எடுத்து, வழிந்ததை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போனார். நான் தவிட்டெண்ணெய் மெழுகில் அடுத்த கலவையைத் தொடங்கினேன். அது முடியாது என்று மேனேஜர் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்.